பதினோராவது கட்டம்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘கடைசி பெஞ்சு’. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, உள்ளதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். நாற்பத்தொன்பது வயதில், பதினோரு வருடமாக, அவளுடைய வேலையே வகுப்பறையின் கடைசி பெஞ்சில் ஒரு மூலையில் போய் உட்காருவது. பாடம் படிக்க அல்ல. பாடம் நடத்துகிறவரைப் பார்க்க.

பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் அம்மா நீண்ட கால ஆராய்ச்சி ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். பள்ளியில் நல்ல கற்பித்தல் என்பது எது, அதை எப்படி அளப்பது, ஓர் ஆசிரியர் வருடம் போகப்போகத் தேறுகிறாரா, இருந்த இடத்திலேயே நிற்கிறாரா என்பதெல்லாம் அதில் கேள்விகள். அதற்கு வகுப்புகளை நேரில் பார்த்து மதிப்பெண் போட ஆட்கள் வேண்டியிருந்தது. மூன்று மாதத் தற்காலிக வேலை என்றுதான் இவளைக் கூப்பிட்டார்கள். தற்காலிகம் என்ற வார்த்தைக்கு எந்த ஆபீசிலும் உள்ள அர்த்தம்தான் அங்கேயும். பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஆபீசில் எல்லாருக்கும், பேராசிரியர் உட்பட, அவள் ‘அக்கா’.

வேலை பார்வைக்குத்தான் சுலபம். இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவம். ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் ஒரு கட்டம், அதில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண். முதல் எட்டும் கரும்பலகை, நேரம், புத்தகம் சம்பந்தப்பட்டவை, பாடம் நடக்கும்போதே நிரப்பலாம். ஒன்பதிலிருந்து இருபது வரை மணி அடித்த பிறகுதான் தொடவேண்டும், முழுப் பாடத்தையும் பார்த்தால்தான் அவற்றுக்குப் பதில் சொல்ல முடியும். வகுப்பில் சிரிக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. ஒரு பிள்ளையின் பென்சில் காலடியில் உருண்டு வந்தால்கூட எடுத்துக் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் அக்கா முதல் மாதத்திலேயே மீறி, திட்டு வாங்கி, அப்புறம் காலை உள்ளே இழுத்து உட்காரப் பழகிக்கொண்டாள்.

இன்னொரு விதிதான் முக்கியமானது. ஒரு வகுப்பை எப்போதும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு மூலை. ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. படிவத்தை உறையில் போட்டு ஒட்டும்வரை பேச்சே கிடையாது. பிறகு ஆபீசில் இரண்டு உறையையும் பிரித்து ஒப்பிடுவார்கள். இருபதில் குறைந்தது பதினாறு கட்டங்களில் ஒரே எண் இருந்தால்தான் அந்த வகுப்பின் மதிப்பெண் செல்லும். இல்லாவிட்டால் குப்பைக்கூடை. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தால் அது ஆளைப் பொறுத்த அபிப்பிராயம் இல்லை, உண்மை என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

அக்காவின் ஜோடி, தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘தபால் அண்ணன்’. முதலில் ஜோடிகளை மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு பேர் வீடும் ஒரே பஸ் போகிற வழியில் இருந்ததால், வசதிக்காக ஒரு பருவம் சேர்த்துப் போட்டார்கள். போட்டதும் ஒற்றுமை பதினேழு வந்தது, பதினெட்டு வந்தது, பிறகு பத்தொன்பதிலேயே நின்றுவிட்டது. பேராசிரியர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. “இந்த ஜோடியைப் பிரிக்காதீங்க” என்றார். ஆறு வருடம் பிரிக்கவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் இவர்களைத்தான் உதாரணம் காட்டினார்கள். கல்லூரிப் படிப்பை ஒரு வருடத்தோடு விட்டவள் அக்கா. சுவரில் மாட்டிக்கொள்ள ஒரு சான்றிதழ் கிடையாது. அந்தப் பத்தொன்பதுதான் அவளுடைய பட்டம். அவள் கணவரிடம் யாராவது “வீட்டம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டால், “ஆராய்ச்சியில இருக்காங்க. கண்ணு ரொம்பத் துல்லியம்” என்பார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், கண்ணைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு.

நான்கு பள்ளிகள், முப்பத்தெட்டு ஆசிரியர்கள். ஒவ்வொருவரையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். அந்த ஆறு வருடப் படிவங்களை வைத்துத்தான் பேராசிரியர் ஒரு கோடு போட்டார். வேலைக்குச் சேர்ந்து முதல் ஐந்து வருடம் அந்தக் கோடு ஏறும். அதன் பிறகு மேசை விளிம்பு மாதிரி மட்டமாகப் போகும். ஐந்து வருடத்துக்கு மேல் ஆசிரியர்கள் மாறுவதில்லை என்பது அதன் பொருள். மற்ற ஜோடிகளின் படிவங்களில் கோடு மேலும் கீழுமாகத்தான் போயிற்று. ஆனால் அவர்களின் ஒற்றுமை பதினாறைத் தாண்டவே திணறியது, நம்பகம் குறைவு என்று ஒதுக்கிவிட்டார். கல்வித் துறை அந்த மட்டக் கோட்டைக் கண்டு சந்தோஷப்பட்டது. மூத்த ஆசிரியர்களுக்கு வருடாவருடம் நடக்கும் பயிற்சிகளை நிறுத்திவிடலாமே என்று பேச்சு அடிபட்டது. இறுதி அறிக்கை வந்ததும் உத்தரவு போட ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

இந்த நிலையில்தான் முதுகு சாரின் வகுப்பு வந்தது.

அவர் கணக்கு ஆசிரியர், ஐம்பத்தாறு வயது. பாடம் முழுக்கக் கரும்பலகையைப் பார்த்தே எழுதிக்கொண்டிருப்பார், பிள்ளைகளுக்குத் தெரிவது முதுகு மட்டும். அதனால் அந்தப் பெயர். ஒவ்வொரு வருடமும் வகுப்பு முடிந்ததும் பள்ளி வாசல்வரை கூடவே வருவார். சாக்பீஸ் தூள் படிந்த கையைச் சட்டையில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார்.

“இந்த வருஷம் கொஞ்சம் தேவலையாம்மா?”

“சொல்லக் கூடாதுங்க சார்.”

“ஆமாமா, கூடாதுதான். சும்மா கேட்டேன்.”

சும்மா கேட்கிறவர் முகம் அப்படி இருக்காது. ஆனால் விதி விதிதான். அக்கா பஸ் ஏறிவிடுவாள். அந்த வருடமும் அதே கேள்வி, அதே பதில். மத்தியானம் ஆபீசில் உறைகளைப் பிரித்த எழுத்தர், தலையை நிமிர்த்தாமலே, “பத்தொன்பது. வழக்கம்போல” என்று சொல்லிவிட்டு அடுத்த உறைக்குப் போனார்.

சாயங்காலம் வீட்டில் கணவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “உங்க தபால் அண்ணன் இன்னைக்கு லீவா?”

“இல்லையே. கூடத்தானே இருந்தாரு. ஏன்?”

“காலையில எட்டு மணிக்கே கடை வாசல்ல நின்னாரு. கண்ணாடி மேல உக்காந்துட்டாராம். ரெண்டு லென்ஸும் தூள். அவருக்கு மைனஸ் ஏழு, கண்ணாடி இல்லாம கையை நீட்டினா விரலை எண்ண முடியாது. நாளைக்குத்தான் தர முடியும்னேன். முகம் வெறிச்சுன்னு இருக்குதுன்னு சொன்னாரு, ஷோகேஸ்ல இருந்த மாடல் ஃபிரேமை மாட்டிவிட்டேன். வெறும் பிளாஸ்டிக். லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போவாருன்னு நெனைச்சேன்.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். அன்று பஸ்ஸில் அண்ணன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியது நினைவுக்கு வந்தது. முழங்கால் வலி என்று நினைத்திருந்தாள். வகுப்பின் கடைசி மூலையிலிருந்து கரும்பலகை முப்பது அடி. விரல் தெரியாத மனிதர் முப்பது அடியில் என்ன பார்த்தார்? பார்த்து, இருபதில் பத்தொன்பதை எப்படி அவள் போட்ட மாதிரியே போட்டார்?

“புது ஃபிரேம் அவருக்கு நல்லா எடுப்பா இருந்துச்சா?” என்றார் கணவர்.

“கவனிக்கலைங்க” என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளுக்கே சுருக்கென்றது. ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் முகத்தில் கண்ணாடி மாறியிருந்தது, அவள் கவனிக்கவில்லை. கண்ணு ரொம்பத் துல்லியம்!

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அண்ணனைப் பிடித்தாள். சுற்றிவளைக்காமல் கேட்டாள். அவர் மழுப்பவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

“லீவு போட்டா அந்த வகுப்பே வீணாப்போகும். வருஷத்துக்கு ஒரு தடவை. உனக்காகத்தான் வந்தேன்.”

“எதைப் பாத்துண்ணே போட்டீங்க?”

“எதுக்குப் பாக்கணும்? தாளை மூக்குகிட்ட வச்சாக் கட்டம் தெரியும், அது போதும். முதுகு சாருக்கு நீ என்ன போடுவேன்னு எனக்குத் தெரியாதா? பலகை எழுத்து அஞ்சு, நேரத்துக்கு ஆரம்பிக்கிறது அஞ்சு, பதினோராவது ரெண்டு, பதினாலு ரெண்டு. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்.”

“நேத்து மூடிக்கிட்டுத்தான் போட்டிருக்கீங்க.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, கொஞ்சம் சூடாகவே கேட்டார்: “சரிம்மா. நான் பாக்காமப் போட்டேன். நீ பாத்துட்டுத்தான் போட்டியா? பாத்து என்ன புதுசா போட்டுட்டே? நம்ம ரெண்டு பேருக்கும் பத்தொன்பது ஒண்ணாத்தானே வந்திருக்கு?”

பஸ் வந்தது. அவர் ஏறினார். அக்கா ஏறவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஆபீசுக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் பேராசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் முன்பக்க மூலையில், கூரையோரம் ஒரு சின்னக் கேமரா வைக்க ஏற்பாடு செய்திருந்தார். ஏதாவது தகராறு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று. தகராறே வராத ஜோடியின் பதிவுகளை யார் பார்ப்பார்கள்? அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கீழே போனதும் முதுகு சாரின் வகுப்பை எடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டாள். ஒரு வெற்றுப் படிவத்தையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கேமரா பலகையையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தபடி இருந்தது. முதல் ஐந்து நிமிடம் வழக்கம்போலத்தான். சார் பலகையில் பின்னக் கணக்கு எழுதுகிறார். ஒரு ரொட்டியில் பாதி மிச்சம் இருக்கிறது, அந்தப் பாதியில் மூன்றில் ஒரு பங்கை ஒருவன் தின்றுவிட்டான், முழு ரொட்டியில் அவன் தின்றது எவ்வளவு? எழுதிவிட்டுத் திரும்பினார். திரும்பினார் என்பதே அக்காவுக்குப் புதுச் செய்தி. கேள்வியைக் கேட்டார். பிறகு சும்மா நின்றார்.

அக்கா ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பதினோரு விநாடி. ஒரு வகுப்பில் பதினோரு விநாடி மௌனம் என்பது சாதாரணமில்லை. பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இரண்டு விநாடிக்கு மேல் வாய் நிற்காது, தாங்களே பதிலைச் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது வரிசையில் இரட்டை ஜடை போட்ட ஒரு பெண் எழுந்து “அஞ்சில ஒண்ணு சார்” என்றாள். இரண்டையும் மூன்றையும் கூட்டிவிட்டாள் போல. சார் தப்பு என்று சொல்லவில்லை. “படம் போட்டுக் காட்டு” என்று சாக்பீஸை நீட்டினார். அவள் பலகைக்குப் போனாள். சார் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், பிள்ளைகளுக்கு நடுவே, காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ரொட்டியை வரைந்து, பாதியாகப் பிரித்து, பாதியை மூன்றாகப் பிரித்து, கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, மறு பாதியையும் மூன்றாகப் பிரித்தாள். “ஆறு துண்டு... ஆறுல ஒண்ணு” என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் அவளோடு சண்டைக்கு வந்தான். அவள் விடவில்லை. சார் வாயைத் திறக்கவே இல்லை. கட்டக்கடைசியில் அவனே எழுந்து போய், துண்டுகளைத் தொட்டு எண்ணி ஒத்துக்கொண்டான்.

நல்ல வகுப்பு. பதினோரு வருடத்தில் அக்கா பார்த்த மிகச் சிறந்த பத்து வகுப்புகளில் அது ஒன்று. ஒரே ஒரு சிக்கல், அவள் அதைப் பார்த்திருக்கவில்லை.

படத்தின் இடது மூலையில், கடைசி பெஞ்சில், அவள் இருந்தாள். தலை குனிந்திருந்தது. பேனா நகர்ந்துகொண்டிருந்தது. எட்டாவது நிமிடம். அவள் பேனா எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஒன்பதாவது கேள்வியில்தான் தாளைத் திருப்ப வேண்டும். தாள் திரும்பியிருந்தது. மணி அடித்தபின் தொடவேண்டிய கட்டங்களை எட்டாவது நிமிடத்தில் நிரப்பி முடித்து, பேனாவை மூடி, கையைக் கட்டிக்கொண்டு, பாக்கி முப்பத்திரண்டு நிமிடமும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. வலது மூலையில் தபால் அண்ணன், ஷோகேஸ் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

பதினோராவது கேள்வி: ‘கேள்வி கேட்ட பின் மாணவர்களுக்கு யோசிக்க நேரம் தருகிறாரா?’ புதுப் படிவத்தில் அக்கா ஐந்து போட்டாள். பிறகு அலமாரியிலிருந்து அவருடைய பழைய படிவங்களை எடுத்துப் பரப்பினாள். ஆறு வருடம், அவளுடைய கையெழுத்தில், பதினோராவது கட்டத்தில் ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு. போன வருடத்துப் பதிவைப் போட்டுப் பார்த்தாள். அதில் சாக்பீஸைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே ஆறு விநாடி காத்திருந்தார். நாலு போடலாம். அதற்கு முந்தைய வருடம் நியாயமாகவே ரெண்டுதான். அந்த மனிதர் படி ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு படியிலும் நின்று, தேவலையா என்று கேட்டிருக்கிறார்.

அக்கா அழுதாள். ரொம்ப நேரம் இல்லை, சாப்பாடு முடிந்து ஆட்கள் படியேறும் சத்தம் கேட்கும்வரை.

அவளுக்கு அப்போது எல்லாம் புரிந்துவிட்டது, வேண்டாத அளவுக்குப் புரிந்துவிட்டது. ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக யாரும் ஏமாற்றவில்லை. நாள் தவறாமல் ஒரே பஸ்ஸில் போய் வந்ததில், இவர் இதற்கு மூணு போடுவார் என்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. அவள் இதற்கு ரெண்டு போடுவாள் என்று அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. போன வருடம் இந்த ஆசிரியருக்கு என்ன போட்டோம் என்பதும் ஞாபகம் இருந்தது. அதையே போட்டால் ஒற்றுமை வரும். வந்தது. முப்பத்தெட்டு ஆசிரியர்கள் மாறவில்லை என்று சொன்ன அந்த மட்டக் கோடு, கடைசி பெஞ்சில் இரண்டு பேர் மாறாமல் உட்கார்ந்திருந்ததன் கோடு. அதை வைத்துத்தான் ஊர்ப்பட்ட ஆசிரியர்களின் பயிற்சியை நிறுத்தப்போகிறார்கள். அறிக்கை அச்சுக்குப் போக இன்னும் ஒன்பது நாள்.

சொல்லாமலும் இருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. சொன்னால் போவது பத்தொன்பது. அது போனால் அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. மூன்று நாள் மென்று முழுங்கினாள். அந்த மூன்று நாளும் வகுப்புகளுக்குப் போனாள், பேனாவைத் திறக்கும்போதெல்லாம் கை தானாகப் பழைய எண்ணுக்குப் போயிற்று. அது அவளைப் பயமுறுத்தியது. நாலாவது நாள் காலை கணவரிடம் சொன்னாள்.

அவர் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: “என் கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு, பழைய கண்ணாடியே நல்லாத் தெரியுதுன்னுதான் சொல்லுவாங்க. டெஸ்ட் பண்ணித் திட்டு வாங்குறதுதான் நம்ம பொழைப்பு. போய்ச் சொல்லிடு.”

பேராசிரியரின் அறை மூன்றாவது மாடியில். புறா வராமலிருக்க ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். அக்கா படிவங்களை மேசையில் வைத்து, பதிவைப் போட்டுக் காட்டி, எட்டாவது நிமிடத்தில் நிறுத்தினாள்.

“மேடம், அந்த மூலையில இருக்கிறது நான்தான். அங்க குனிஞ்சு எழுதுறேன் பாருங்க. அது எழுதக் கூடாத நேரம்.”

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. படத்தை ஓடவிட்டுக் கடைசிவரை பார்த்தார். பிறகு கேட்டார்: “இது ஒரு வகுப்புல மட்டுமா?”

“இல்ல மேடம். ஆறு வருஷமா இப்படித்தான்னு நெனைக்கிறேன்.”

“ஏன்க்கா இப்ப வந்து சொல்றீங்க?”

“இப்பத்தான் மேடம் எனக்கே தெரியும்.”

“உங்க ஜோடியை எத்தனை மேடையில காட்டியிருக்கேன் தெரியுமா? நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு ஒற்றுமைன்னு எவ்வளவு பெருமையாச் சொல்லியிருக்கேன்?” குரல் ஏறவில்லை, ஏறியிருந்தால் தேவலை. “வெளியில உக்காருங்க.”

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வேலை போயிற்று என்று முடிவு கட்டி, பையில் இருந்த அலமாரிச் சாவியைத் தனியாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பேராசிரியர் கதவைத் திறந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. சாவியை வாங்கிக்கொண்டார்.

“ஜோடியைப் பிரிக்காதீங்கன்னு சொன்னது நான்” என்றார். “வீட்டுக்குப் போங்கக்கா. கூப்பிடுறேன்.”

அறிக்கை அச்சுக்குப் போகவில்லை. துறைக்கு ஒரு கடிதம் போயிற்று: முடிவைத் திரும்பப் பெறுகிறோம், எதையும் நிறுத்த வேண்டாம். அங்கிருந்து வந்த பதிலில் மரியாதை குறைவாகத்தான் இருந்ததாம். மூன்று வருடத்துப் பதிவுகளை மட்டும் புது ஆட்கள் இரண்டு பேர், எது எந்த வருடம் என்று தெரியாமல் கலைத்துப் போட்டு, முதலிலிருந்து மதிப்பெண் போட்டார்கள். நாலு மாதம் பிடித்தது. கதைகளில் வருகிற மாதிரி எல்லா ஆசிரியர்களும் தேறிவிடவில்லை. பதினான்கு பேர் ஏறியிருந்தார்கள். ஐந்து பேர் இறங்கியிருந்தார்கள். பாக்கி பத்தொன்பது பேர் நிஜமாகவே இருந்த இடத்தில்தான் இருந்தார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

தபால் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். “முப்பத்தஞ்சு வருஷம் ஒரு கடுதாசியைத் தப்பான பையில போட்டதில்ல நான். என் பேரைக் கெடுத்துட்டா” என்று கடையில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவரைப் பொறுத்தவரை அது நியாயமான கோபம்தான். அக்காவுக்கு வேலை போனதைவிட அதுதான் வலித்தது. ஆறு வருடம் அந்தப் பஸ்ஸில் அவர் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். ஆனால் கண்ணாடி துடைக்கத் துணி வேண்டும், காதில் மாட்டும் கம்பி தளர்ந்துவிட்டது என்று மாதம் ஒருமுறை கடைக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. வந்தால் கிளம்பும்போது, சுவரைப் பார்த்து, “வீட்டுல சௌக்கியமா?” என்பார்.

ஐந்தாவது மாதம் பேராசிரியர் கூப்பிட்டார். புதிதாகச் சேர்கிறவர்கள் மாதிரி, சோதனைக்கு ஒரு வகுப்பைப் பார்த்து மதிப்பெண் போடச் சொன்னார். ஜோடி, ஆஸ்பத்திரியில் இருபது வருடம் நர்ஸாக இருந்த ஒரு அம்மாள், முன்பின் தெரியாதவர். முதல் முறை ஒற்றுமை பதினாலு. உறை பிரித்த எழுத்தர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் எண்ணைச் சொன்னார். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவளுக்கு நல்ல மூக்குடைப்பு. இரண்டாவது முறை பதினாறு.

“பதினாறு போதும்” என்றார் பேராசிரியர். “பத்தொன்பது வந்தா மட்டும் எங்கிட்ட ஓடி வாங்க. ஜோடி மாசத்துக்கு ஒரு தடவை மாறும். பழைய படிவத்தை யாரும் தொடக் கூடாது.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தப் பென்சில் விதியும் வேணாம். விழுந்தா எடுத்துக் குடுங்க” என்றார்.

புது வருடத்தில் முதுகு சாரின் வகுப்பு வந்தபோது அக்கா பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடமும் பார்த்தாள். அன்று வகுப்பு அவ்வளவு நன்றாக இல்லை. சாருக்குத் தொண்டை கட்டியிருந்தது, பாதிக் கணக்கைப் பழைய பழக்கத்தில் பலகையைப் பார்த்தே சொல்லிவிட்டார், ஒரு முறை மட்டும் திரும்பி நின்று காத்திருந்தார். மணி அடித்தபின் பதினோராவது கட்டத்தில் மூணு போட்டாள். உள்ளே கிடந்த கடனுக்கு ஐந்து போடச் சொல்லித்தான் மனசு கெஞ்சியது. மூணு என்றால் மூணு. உறையை ஒட்டினாள்.

வாசல்வரை அவர் கூடவே வந்தார், சாக்பீஸ் கையைத் தள்ளி வைத்தபடி.

“இந்த வருஷம் கொஞ்சம் தேவலையாம்மா?”

“உங்களைப் பத்திச் சொல்லக் கூடாதுங்க சார்” என்றாள் அக்கா. “என்னைப் பத்திச் சொல்லலாம்னு நெனைக்கிறேன். ஆறு வருஷம் உங்க வகுப்புல வந்து உக்காந்தேன். பாக்கலை. எழுதிட்டு உக்காந்திருந்தேன். நீங்க மாறினது எனக்குத் தெரியாமப் போச்சு. தப்பு என்மேல. மன்னிச்சுக்குங்க.”

அவர் நடையை நிறுத்தி அவளைப் பார்த்தார். அக்கா தன்னையறியாமல் விநாடிகளை எண்ணினாள்.

“நாலு வருஷம் முந்தி என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினாங்க” என்றார் அவர். “ரிட்டையர் ஆகப்போற வயசுல எதுக்குடான்னு வேண்டாவெறுப்பாத்தான் போனேன். அங்க என் வகுப்பை வீடியோ எடுத்து எனக்கே போட்டுக் காட்டினாங்க. நாற்பது நிமிஷமும் என் முதுகுதாம்மா. முப்பது வருஷமா ஒரு பிள்ளை முகத்தை நான் பாத்ததில்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மாறணும்னு தெரிஞ்சும், திரும்பி நிக்க தைரியம் வர ரெண்டு வருஷமாச்சு.” கையைத் தட்டிக்கொண்டார், தூள் பறந்தது. “அந்தப் பயிற்சியை நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. ஏனோ நிறுத்தலை. இந்த வருஷமும் பேர் குடுத்திருக்கேன்.”

ஏன் நிறுத்தவில்லை என்று அக்கா சொல்லவில்லை. அதுவும் சொல்லக் கூடாதுதான்.

உள்ளே அடுத்த மணி அடித்தது. அவர் கும்பிட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பி நடந்தார். அக்கா வாசலிலேயே நின்று, அந்த முதுகு தாழ்வாரத்தின் கடைசிக் கதவுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.